பன்னிரண்டாவது விதை

— கண்ணாடியை இறக்கு ஆட்ரா. ரெண்டு விரல் இடம் விட்டுட்டு பேசுங்கன்னா எப்படிப் பேசறது?

— ரெண்டு விரல் போதும் கோச். குரல் வரும். கை வராது.

— நான் எதுக்கும்மா கையை விடப் போறேன்? பள்ளிக்கூட வாசல்ல நின்னு ஒரு பிக்கப் வண்டிகிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கேன். ஊரே வேடிக்கை பாக்குது.

— ஊர் இல்ல. ஒருத்தர். அவரும் புல்லு வெட்டறார், இந்தப் பக்கம் பாக்கல.

— சரி, ஒருத்தர். ஆனா உள்ள நாலு பேர் காத்திருக்காங்க. உங்க அம்மா, உன் டீச்சர், லிங்கன் நகரத்துலேர்ந்து வந்த அரசாங்க அம்மா, விதை ஆய்வகத்து சிக்கோரா மேடம். பத்து மணிக்கு மீட்டிங். இப்ப பத்தே கால். நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டா பள்ளிக்கூடம் முடிஞ்சுது. அடுத்த திங்கள்லேர்ந்து ஆய்வகத்துல வேலை.

— போடலன்னா?

— போடலன்னா அந்த எடம் வேற யாருக்காவது போயிடும். இன்னைக்கு வரைக்கும்தான் மேடம் பிடிச்சு வெச்சிருக்காங்க. இங்க பாரும்மா, உனக்குப் பதினாறு வயசு இருக்கும்போது படிச்சுக்கிட்டே வேலை பழகற இந்தத் திட்டத்தை நாம ஆரம்பிச்சோம். நாலு வருஷம். மளிகைக் கடைல வெளக்கு கண்ணைக் குத்துதுன்ன. மோட்டல் சலவைல மெஷின் சத்தம் தாங்கலன்ன. மூணாவதா இந்த ஆய்வகம் கெடைச்சுது. முதல் நாளே, வீட்டுக்குப் போகணுமான்னு கேட்டதுக்கு, இன்னும் நூறு விதை பாக்கி இருக்குன்ன. ஞாபகம் இருக்கா?

— நூத்து நாலு.

— நூத்து நாலு. அப்புறம் இப்ப என்ன வந்துது?

— இந்தப் பேப்பர் வந்துது. அம்மா சனிக்கிழமை நகல் வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜ் மேல காந்தம் வெச்சு மாட்டினாங்க. போன வாரச் சோதனை. படிக்கறேன். திங்கள் பன்னெண்டு. செவ்வாய் பன்னெண்டு. புதன் பன்னெண்டு. வியாழன் பன்னெண்டு. வெள்ளி பன்னெண்டு. கீழ உங்க கையெழுத்து.

— அருமையான பேப்பர். நான் இந்த வேலைக்கு வந்து பத்தொம்பது வருஷத்துல இப்படி ஒரு பேப்பரைப் பாத்ததில்ல.

— பொய்.

— பத்தொம்பது வருஷம்தாம்மா, மனசாட்சியோட சொல்றேன்.

— அது இல்ல. பேப்பர் பொய். அஞ்சு வரியும்.

— ஆட்ரா, பதட்டமா இருந்தா அந்த மெத்துப் பந்தைக் கையில எடுத்துக்கோ. பெரிய மாத்தம் வரும்போது இப்படித்தான்—

— பதட்டம்னா எனக்குக் காது சூடாகும். இப்ப காது சூடா இல்ல. வயித்துக்குள்ள ஈரச் சாக்கு கெடக்கற மாதிரி இருக்கு. இதுக்கு என்ன பேருன்னு அப்பாகிட்ட கேட்டேன். ஏமாந்துட்டா அப்படித்தான் இருக்கும்னார்.

— யாரு உன்னை ஏமாத்தினா?

— நீங்க. வரிசையாச் சொல்றேன். உங்களுக்குத் தெரிஞ்சதையும் சேத்துத்தான் சொல்வேன். நடுவுல ஒண்ணை விட்டா எனக்குக் கணக்கு குழம்பிடும்.

— சுருக்கமாச் சொல்லு. சிக்கோரா மேடம் அடிக்கடி கடிகாரத்தைப் பாக்கறாங்க.

— சுருக்க முடியாது. தினமும் காலைல மேடம் மாட்டுத் தீவனத்துக்குப் போடற குதிரைமசால் விதை அஞ்சு கிராம் குடுப்பாங்க. அஞ்சு கிராம்னா ரெண்டாயிரத்து ஐந்நூறு விதை, கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். அதுல ஒட்டுக்கொடிங்கற களையோட விதை பன்னெண்டைக் கலந்திருப்பாங்க. குதிரைமசால் விதை அவரை மாதிரி வளைஞ்சு, வழுவழுன்னு, மஞ்சளா இருக்கும். ஒட்டுக்கொடி விதை சாம்பலா, சொரசொரன்னு, பளபளப்பே இல்லாம இருக்கும். நான் பூதக்கண்ணாடி வழியாப் பாத்து, மழுங்கல் கத்தியால ஒவ்வொண்ணாத் தள்ளணும். கெட்டது கெடைச்சா பழுப்புக் கவருக்குள்ள போடணும். சாயங்காலம் கவரை டேப் போட்டு ஒட்டி, டேப்புக்கும் கவருக்கும் சேத்து என் பேரெழுத்தைப் போட்டு உங்ககிட்ட தரணும்.

— அதைத்தான் நீ அழகாப் பண்ணின.

— இன்னும் முடியல. நீங்க கவரைப் பிரிக்கணும். எண்ணணும். எத்தனைன்னு பேப்பர்ல எழுதணும். அஞ்சு நாள் தொடர்ந்து பன்னெண்டுக்குப் பன்னெண்டு வந்தா ஆட்ராவுக்கு கோச் தேவையில்லன்னு அர்த்தம். இதான் விதி. விதியை எழுதினதும் நீங்கதான்.

— வந்துதே. பன்னெண்டுக்குப் பன்னெண்டு.

— வரல. திங்கக்கிழமை கவர்ல பதினொண்ணுதான் இருந்துச்சு.

— அது எப்படி உனக்குத் தெரியும்?

— மிச்சம் இந்தக் குப்பில இருக்கு. ஸ்டியரிங் பக்கத்துல வெச்சிருக்கேன் பாருங்க.

— மாத்திரைக் குப்பியா அது?

— அப்பாவோட ரத்தக்கொதிப்பு மாத்திரை. காலியானதும் கழுவிக் காயவெச்சேன்.

— அப்ப நீயே எடுத்தியா? கண்டுபிடிச்சுட்டு, கவர்ல போடாம, குப்பில போட்டுக்கிட்டியா?

— ஆமா.

— வேணும்னேவா?

— ஆமா.

— எல்லா நாளுமா?

— அஞ்சு நாளும்.

— என்னம்மா இது. எதுக்கு? வேலை பிடிக்கலையா? பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே.

— ரொம்பப் பிடிக்கும். அங்க வெல்வெட் மெஷின் ஒண்ணு இருக்கு. ரெண்டு உருளை, ரெண்டுலயும் வெல்வெட் துணி சுத்தியிருக்கும். மேலேர்ந்து விதையைக் கொட்டினா வழவழப்பானது நடுவுல வழுக்கிக்கிட்டே கீழ போயிடும். சொரசொரப்பானது துணியில ஒட்டி, உருளையோட மேல ஏறி, வெளிய விழுந்துடும். யாரும் பொறுக்க வேண்டாம். எது நல்லது எது கெட்டதுன்னு மெஷினுக்குத் தெரியாது. சொரசொரப்பு மட்டும்தான் தெரியும். அப்படியும் சிலது தப்பிச்சு நல்ல விதையோட போயிடும். அதைப் பிடிக்கத்தான் நான். அந்த வேலை எனக்குப் பிடிக்காம இருக்குமா?

— பின்ன ஏன் எடுத்த?

— அதைக் கடைசில சொல்றேன். இப்ப உங்க முறை. கொறைச்சலா இருந்த கவருக்குப் பன்னெண்டுன்னு ஏன் எழுதினீங்க?

— அது வந்து...

— பதில் வரலன்னா, எனக்கு ஒரு நிமிஷம் வேணும்னு சொல்லலாம். அப்படி எழுதி ஒரு அட்டையைப் பண்ணி என் கழுத்துல மாட்டினதே நீங்கதான்.

— எனக்கு ஒரு நிமிஷம் வேணும்.

— சரி.

— அங்க பாரு, உங்க அம்மா வர்றாங்க. அவங்ககிட்ட இப்ப எதையும் சொல்லிக்காத, கேட்டியா?

— ஒரு நிமிஷம்னா பேசாம இருக்கணும் கோச்.

— வெர்ன், என்ன இன்னும் நடக்குது இங்க? என் கண்ணு, ஏன் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்க? காலைல கிளம்பும்போது நல்லாத்தான இருந்த?

— ஒண்ணுமில்ல ஜோலீன். கொஞ்சம் பதட்டம். பேசிக்கிட்டு இருக்கோம்.

— பதட்டம் இல்லம்மா.

— பதட்டம் யாருக்குத்தான் இருக்காது? நானே காலைல மூணு தடவை சட்டை மாத்தினேன். உனக்கு முன்னாடி நான் அழுதுடுவேன் போல இருக்கு. இங்க பாரு, உனக்காகப் பாப்பி விதை வெச்ச கொலாச் பன் ரெண்டு எடுத்துத் தனியா வெச்சிருக்கேன். உன் டீச்சர் ஏற்கெனவே மூணு தின்னாச்சு. அந்த லிங்கன் அம்மா பதினொரு மணிக்குக் கிளம்பணுமாம், அடுத்த ஊர்ல இன்னொரு மீட்டிங்காம். வெர்ன், நீங்க சொன்னா கேப்பா. என் பேச்சைவிட உங்க பேச்சைத்தான் கேப்பா. இவங்க அப்பாகூட சொல்லுவார், கோச் சொன்னா கெணத்துல குதிப்பாடின்னு.

— நம்ம ஊர்ல கெணறு கெடையாதும்மா. குழாய்தான்.

— பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்கா. அஞ்சு நிமிஷத்துல வந்துடு என் கண்ணு. ஃபிரிட்ஜ்ல ஒட்டின பேப்பரைக்கூட எடுத்துக்கிட்டு வந்துட்டா பாருங்க. போன ஞாயித்துக்கிழமை சர்ச்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அறுபதுக்கு அறுபதுன்னு. வரேன்.

— உங்க அம்மா மூஞ்சியைப் பாத்தியா? நாலு வருஷத்துல இப்படி நான் பாத்ததே இல்ல.

— சர்ச்ல சொல்லிட்டாங்க. இப்ப பொய் நூத்து முப்பது பேர் காதுல இருக்கு. உங்க நிமிஷம் முடிஞ்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

— சரி. மறைக்கறதுக்கு என்ன இருக்கு. சொல்லிடறேன். கோவிச்சுக்கக் கூடாது.

— அதை முதல்லயே சொல்ல முடியாது. கேட்டப்புறம்தான் தெரியும்.

— திங்கக்கிழமை சாயங்காலம் உன் கவரைப் பிரிச்சேன். எண்ணினேன். பதினொண்ணு. திரும்ப எண்ணினேன், பதினொண்ணுதான். அப்ப என் மனசு எப்படி இருந்துது தெரியுமா? புள்ளை ராப்பகலா இதுக்குன்னே உழைச்சிருக்கு, ஒரே ஒரு விதை கண்ணுக்குத் தப்பிடுச்சு, அதுக்காக எல்லாம் போகணுமான்னு இருந்துது. பதினொண்ணுன்னு எழுதினா அந்த லிங்கன் அம்மா இன்னும் மூணு மாசம் பயிற்சின்னு எழுதிடுவா. மூணு மாசம் அந்த நாற்காலி காலியாவா இருக்கும்? பேனாவை வெச்சுக்கிட்டு வண்டில அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். மனசாட்சியோட சொல்றேன் ஆட்ரா, பன்னெண்டுன்னு எழுதும்போது என் கை நடுங்குச்சு.

— எல்லா நாளுமா?

— எல்லா நாளும் பதினொண்ணு. எல்லா நாளும் அதே வேதனை. வெள்ளிக்கிழமையாவது முழுசா வந்திருக்காதான்னு ஆசையோட பிரிச்சேன். எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன். பதினொண்ணு.

— வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை எண்ணினீங்க.

— ரெண்டு தடவை. என் கண்ணால.

— அப்ப எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனைச்சீங்க.

— அப்படிச் சொல்லலம்மா.

— அதான் அர்த்தம். நான் தப்ப விட்டேன்னு நெனைச்சீங்க. அஞ்சு நாளும் தப்ப விடற ஆளு இவள்னு நெனைச்சுக்கிட்டே, இவளுக்கு எல்லாம் வரும்னு எழுதிக் குடுத்தீங்க. அப்புறம் என்னை அங்க அனுப்பறீங்க. அங்க வர்றது சோதனை விதை இல்ல. நெஜ விதை. மூட்டைல சீட்டு ஒட்டி விவசாயிக்குப் போகும்.

— ஒரு விதைம்மா. மொத்தமே அஞ்சு விதை.

— எண்ணாம அஞ்சுன்னு சொல்லாதீங்க. அப்புறம், ஒரு விதை என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்டு வடக்கு வயல்ல என்ன பண்ணிச்சு? மொளைச்சதும் பக்கத்துல இருக்கற குதிரைமசாலைச் சுத்திக்கும். சுத்தினதும் தன் வேரை அதுவே விட்டுடும். அப்புறம் தரையே வேண்டாம், செடியோட சாறு போதும். ஒரு கொடி ஆயிரக்கணக்குல விதை போடும். விதை மண்ணுக்குள்ள பத்து வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டு கெடக்கும். அப்பா அந்த எடத்தை வட்டமா எரிச்சார். மறு வருஷம் திரும்ப மொளைச்சுது. திரும்ப எரிச்சார். எரியும்போது அப்பா தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னார். அப்பா வாங்கின விதை மூட்டையைப் பாத்து அனுப்பினவங்களும் ஒரு விதைதானன்னு நெனைச்சிருப்பாங்க.

— உங்க அப்பா வயலும் இதுவும் ஒண்ணா?

— ஒண்ணுதான். சிக்கோரா மேடம் முதல் நாள் என்ன சொன்னாங்க? பாத்ததை எழுது, இருக்கணும்னு ஆசைப்படறதை எழுதாத. நீங்க அதை அட்டைல எழுதி என் மேசைல ஒட்டினீங்க. நான் அதை நம்பினேன். ஒட்டினவர் நம்பலன்னு எனக்குத் தெரியாது.

— மனுஷங்க வேலை விதை மாதிரி இல்ல ஆட்ரா. சில நேரம் ஒருத்தரைக் கொஞ்சம் தள்ளி விட வேண்டியிருக்கும்.

— தள்ளி விடும்போது என் பேரையும் சேத்துத் தள்ளினீங்க. அஞ்சு வரியிலயும் ஓரத்துல என் பேரெழுத்து இருக்கு பாருங்க. திங்கக்கிழமை காலைலயே அஞ்சுக்கும் மொத்தமா வாங்கிட்டீங்க. தினமும் போட்டா நேரமாகும், இப்பவே போட்டுடுன்னீங்க. எண் இல்லாத எடத்துக்குப் பக்கத்துல போட்டேன். கேட்டது நீங்கங்கறதால போட்டேன். அம்மா கேட்டிருந்தாக்கூட போட்டிருக்க மாட்டேன்.

— அது வழக்கமா எல்லாரும் பண்றதும்மா.

— நான் பண்றதில்ல. இப்ப பண்ணினவ ஆயிட்டேன். பொய் எண் எழுதினவங்களை ஆய்வகத்துல வெச்சுக்க மாட்டாங்க. மேடம் ஒருத்தரை அப்படி அனுப்பியிருக்காங்க, உங்ககிட்டயே சொன்னாங்க. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே பொய் எழுதிட்டேன்.

— யாருக்குத் தெரியப் போகுது? எனக்கு, உனக்கு. ஒண்ணு பண்ணலாம். அந்தக் குப்பியைக் குடு. இந்தக் கல்லு மேல கொட்டிடறேன். நீ உள்ள வா. முடிஞ்சு போச்சு.

— கல்லு மேலயா? ஒட்டுக்கொடி விதையையா? பள்ளிக்கூட வாசல்லயா?

— சரி, கொட்டல. கொட்டல. கையை ஆட்டாத, குப்பி விழுந்துடப் போகுது. அப்ப நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?

— கவரெல்லாம் எங்க?

— எந்தக் கவர்?

— அஞ்சு கவர். பேப்பரோட சேத்து ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு விதி.

— இருக்கு. என் பையிலதான் இருக்கு. ரப்பர் போட்டு வெச்சிருக்கேன்.

— அப்ப ஒரு வழி இருக்கு. குப்பில இருக்கறதை அந்தந்த நாள் கவர்ல திரும்பப் போட்டுடலாம். பதினொண்ணோட ஒண்ணு சேந்தா பன்னெண்டு. அப்ப பேப்பர்ல இருக்கறதும் கவர்ல இருக்கறதும் ஒண்ணாயிடும். எழுதினப்ப பொய்யா இருந்தது இப்ப உண்மையாயிடும்.

— அப்படிப் பண்ணினா கையெழுத்துப் போடுவியா?

— எல்லாக் கவர்லயும் பன்னெண்டு இருந்தா போடுவேன்.

— இதாம்மா. இதுக்குத்தான் உன்னை எனக்குப் பிடிக்கும். எல்லாரும் கோவத்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்குவாங்க, நீ வழியைத் தேடுவ. இரு. இந்தா. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினா உள்ள குடுத்துடறேன்.

— வேண்டாம். அங்கயே வண்டி மூக்கு மேல வெச்சுப் பிரிங்க. காத்து இல்ல. எதிர்ப்பக்கம் வெயில் இருக்கு, நல்லாத் தெரியும்.

— எதுலேர்ந்து?

— வெள்ளி. அதான் மேல இருக்கு.

— வெள்ளி. சரி.

— டேப் முழுசா இருக்கு.

— என்ன?

— டேப்புல என் பேரெழுத்து பாதி, கவர்ல பாதி. ரெண்டும் பொருந்தி இருக்கு. ரெண்டு தடவை எண்ணினதுக்கு அப்புறமும்.

— எண்ணிட்டு அதே டேப்பைத் திரும்ப ஒட்டினேன். ஜாக்கிரதையா ஒட்டினேன். எனக்கும் ஒழுங்கா வேலை செய்யத் தெரியும்மா.

— சரி. பிரிங்க.

— இந்தா, பிரிச்சாச்சு. குப்பியை நீட்டு. வெள்ளிக்கிழமை விதை எதுன்னு உனக்குத் தெரியுமா, இல்ல ஏதோ ஒண்ணைப் போட்டுடலாமா?

— முதல்ல கவர்ல இருக்கறதை உள்ளங்கையில கொட்டி எண்ணுங்க. பதினொண்ணு இருக்கணும்.

— இருக்கும். இரு, ஒட்டிக்கிட்டு இருக்கு போல. தட்டறேன்.

— ஓரத்துல பாருங்க. சில நேரம் மடிப்புல போய் ஒளிஞ்சுக்கும்.

— ஆட்ரா.

— எத்தனை?

— ஆட்ரா, இதுல ஒண்ணும் இல்ல.

— பாத்ததைச் சொல்லுங்க கோச். ஒண்ணும் இல்லன்னா எத்தனை?

— பூஜ்யம்.

— ரெண்டு தடவை எண்ணினேன்னீங்க. உங்க கண்ணால.

— இங்க பாரும்மா. கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு. என் தலைல பதினோரு பசங்க. மூணு மாவட்டம். ஒரு நாளைக்கு இருநூறு மைல் வண்டி ஓட்டறேன். ஒருத்தன் வேலைய விட்டு ஓடிட்டான், ஒருத்திக்கு பஸ் இல்ல, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. உன்னைப் பத்தி மட்டும்தான் எனக்குக் கவலையே இல்ல. நீ கண்டிப்பாக் கண்டுபிடிப்பேன்னு தெரியும். தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குப் பிரிக்கணும்னு...

— பதினோரு பசங்க. அதை எண்ணி வெச்சிருக்கீங்க.

— ஆட்ரா.

— அப்ப கை நடுங்கல. வண்டில அரை மணி நேரம் உக்காரல. வேதனை இல்ல. பதினொண்ணுன்னு நான் சொன்னதும், அதை எடுத்து ஒரு கதை பண்ணினீங்க. இப்பத்தான், இங்க நின்னுக்கிட்டே. நான் நம்பினேன். கை நடுங்குச்சுன்னு சொன்னப்ப, வெள்ளிக்கிழமைய மறந்துட்டு ஒரு நிமிஷம் நம்பினேன்.

— தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா இப்ப யோசி. பதினொண்ணே கால் மணிக்கு அந்த அம்மா போயிடுவாங்க.

— பதினொரு மணி. இன்னும் இருபத்து ரெண்டு நிமிஷம் இருக்கு. உங்ககிட்ட அசல் பேப்பர் இருக்குல்ல? அதையும் பேனாவையும் இந்த இடுக்கு வழியாத் தாங்க.

— எதுக்கு?

— திருத்தணும். ஆய்வகத்துல திருத்தற மாதிரி. அழிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. தப்பான எண் மேல ஒரே ஒரு கோடு. அடியில என்ன இருந்துச்சுன்னு யாரும் படிக்கற மாதிரி. பக்கத்துல சரியான எண், தேதி, பேரெழுத்து. பதினொண்ணு, பதினொண்ணு, பதினொண்ணு, பதினொண்ணு, பூஜ்யம்.

— பூஜ்யத்தைக் கொண்டு போய் வெச்சா வேலை போயிடும்மா. நாலு வருஷம் போயிடும். என் வேலையும் போயிடும், அது இருக்கட்டும்.

— பூஜ்யத்தோட குப்பியும் வரும். அஞ்சு விதைன்னு நீங்க சொன்னீங்க. எண்ணாமச் சொன்னீங்க. குப்பில பதினாறு இருக்கு. பிரிக்காத நாலு கவர்ல நாப்பத்து நாலு. மொத்தம் அறுபது. சிக்கோரா மேடம் முன்னாடி வைப்பேன். நான் எடுத்ததையும் சொல்வேன், அதுவும் தப்புதான். வேலை குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். ஆனா அவங்க எண்ணுவாங்க.

— உன்னைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேக்கறது வரைக்கும் நான் கூட இருந்தேன் ஆட்ரா. அதையாவது நெனைச்சுப் பாரு.

— நெனைச்சுப் பாத்தேன். முதல் வாரம் என் பக்கத்து நாற்காலில இருந்தீங்க. மூணு அடி. ரெண்டாவது வாரம் மேசைக் கோடில, ஒம்பது அடி. மூணாவது வாரம் மொளைக்க வைக்கற அலமாரிகிட்ட, இருபது அடி. நாலாவது வாரம் வெளிய தாழ்வாரத்துல. கதவு இடுக்குல உங்க பூட்ஸ் நுனி மட்டும் தெரிஞ்சுது. கொஞ்சம் கொஞ்சமா விலகினாத்தான் நான் தனியா நிக்கப் பழகுவேன்னு சொன்னீங்க. நல்ல முறைதான். நான் அந்த பூட்ஸைப் பாத்துக்கிட்டே வேலை பண்ணினேன்.

— பேப்பரைத் தரேன். இந்தா, பேனா. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. கடைசில சொல்றேன்னியே. எதுக்கு எடுத்த? ஒண்ணு எடுத்தது சரி, வெள்ளிக்கிழமை ஏன் பன்னெண்டையும் எடுத்த?

— திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் ஒவ்வொண்ணா எடுத்தேன், ஒரு நாளாவது தப்பினா நீங்க இன்னும் ஒரு வாரம் இருப்பீங்கன்னு. ஆனா தினமும் கவரை வாங்கிக்கிட்டு, பன்னெண்டும் வந்துடுச்சுன்னே சொன்னீங்க. அதான் வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் எடுத்தேன், அந்த பூட்ஸுக்குள்ள ஆள் இருக்கறாரான்னு பாக்க.